பாங்குக்குத் திறக்கும் மடை

எங்கள் ஊரில் எல்லோர் கையிலும் கடிகாரம் ஏறிய பிறகுதான் மணி என்ன என்பது யாருக்கும் தெரியாமல் போனது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அதனால் என் மதினி உலகம்மாள் தன் வயலையே விட்டுக்கொடுக்க வேண்டிய நிலைக்கு வந்தாள்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். முக்கூடலுக்குப் போகிற சாலையில், ஆற்றை ஒட்டி இருக்கிறது எங்கள் மருதவிளாகம். ஊருக்கு ஒரு குளம், சிவன் கோயிலை ஒட்டி. குளத்து மடையிலிருந்து வருகிற வாய்க்கால் கரைக்குக் கீழே இரண்டாகப் பிரிந்து, ஒன்று மேல்வயல்களுக்கும் மற்றது கடைமடை வயல்களுக்கும் போகும். பிரிகிற இடத்தில் ஒரு பலகை. குளம் நிறைந்த வருஷங்களில் அந்தப் பலகையை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. தண்ணீர் குறைந்துவிட்டால் முறை வைப்பார்கள். காலையிலிருந்து மேல்வயலுக்கு, பிற்பகல் மூன்று மணிக்குப் பலகையை மாற்றினால் இருட்டும் வரை கடைமடைக்கு. இருட்டியதும் குளத்து மடையையே அடைத்துவிட வேண்டும். மூன்று மணி ஆகிவிட்டது என்பதை அக்கரையில் இருந்த நூல் மில் சொல்லும். ஷிப்டு மாறுவதற்காக அங்கே ஊதுகிற சங்கு எங்கள் ஊர் முழுக்கக் கேட்கும். அது ஊதினால் மடைக்காரர் மாடக்கண்ணு பலகையை மாற்றுவார். அப்பா காலத்திலிருந்து இதில் ஒரு வாய்ச்சண்டை வந்ததாக எனக்கு நினைவில்லை.

நான் சொல்வது, ஆற்றில் பெரிய வெள்ளம் வந்ததற்கு முந்தின பிசானம், பங்குனியில் அறுக்கிற நெற்பருவம். ஐப்பசியில் கால்வாய்க் கரை உடைந்து, அதை அடைப்பதற்குள் குளத்துக்கு வர வேண்டிய தண்ணீரில் பாதி ஆற்றோடு போய்விட்டது. தை பிறந்ததும் முறை வைத்தார்கள். வைத்த கையோடு மில்லில் சங்கு ஊதுவது நின்றுபோனது. முதலில் வேலைநிறுத்தம் என்று பேசிக்கொண்டார்கள். பிறகுதான் விஷயம் தெரிந்தது. தொழிலாளிகள் எல்லோரும் கடிகாரம் கட்டியிருக்கிறார்கள், இனி எதற்குச் சங்கு என்று நிர்வாகம் முடிவு செய்துவிட்டதாம்.

மேல்வயல்களில் பெரும்பங்கு பாபநாசம் பிள்ளைக்கு. அவருக்கு மகன் மஸ்கட்டிலிருந்து ஒரு கடிகாரம் அனுப்பியிருந்தான். அவ்வளவு விசுவாசமான பொருளை நான் பார்த்ததே இல்லை. காலையில் மேல்வயலுக்குத் தண்ணீர் திறக்க வேண்டிய நேரத்தை அது முந்திக்கொண்டு காட்டும். பிற்பகலில் மூன்றைத் தொட மனமில்லாமல் முக்கி முனகிக்கொண்டு நிற்கும். கடைமடைக்காரர்களின் கடிகாரங்கள் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. சாப்பிட்ட கை காய்வதற்குள் மூன்று மணி என்று காட்டின. மாடக்கண்ணுவிடம் கடிகாரமே கிடையாது. இரண்டு பக்கத்தாரும் மணிக்கட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினால் மனிதர் என்ன செய்வார். பிள்ளையின் குரல் பெரிது என்பதால் பலகை அவர் சொன்ன நேரத்துக்குத்தான் மாறியது. தண்ணீர் கடைமடை வரப்பைத் தொடுவதற்குள் இருட்டிவிடும்.

அந்தக் கடைமடையில்தான் மதினியின் வயல் இருந்தது. அவளும் இதே ஊரில் பிறந்தவள். கல்யாணத்தின்போது அவள் பெயரிலேயே எழுதிவைத்த மஞ்சக்காணி அது. பெண்ணுக்கு மஞ்சள் குங்குமச் செலவுக்கு யாரையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று பெற்றவர்கள் கொடுக்கிற நிலத்துக்கு எங்கள் பக்கம் அப்படிப் பெயர். என் அண்ணன் பாலசுப்பிரமணியன் பாளையங்கோட்டையில் குமாஸ்தா. காலை பஸ்ஸில் போய்ச் சாயங்கால பஸ்ஸில் வருகிறவருக்கு வயல் என்றால் சேறு என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. அதை விற்றுப் பாளையங்கோட்டையில் மனை வாங்க வேண்டும் என்பது அவர் ஆசை. வாங்கிக்கொள்ள ஆளைத் தேடவே வேண்டாம், பாபநாசம் பிள்ளை எப்போதும் தயார். முந்தின வருஷப் பிசானம் பூச்சி விழுந்து, மணி பிடிக்காமல் வெறும் சாவியாகப் போனபோது அண்ணன் பேச்சை முடித்துவிடப் பார்த்தார். மதினி அடுப்படியிலிருந்து வந்து அவர் முன்னால் நின்று சொன்னாள்.

"இன்னும் ஒரு பிசானம் நானே பாக்கேன். அதுவும் வீட்டுக்கு வந்து சேரலைன்னா, நீங்க காட்டுத இடத்துல கையெழுத்துப் போடுதேன்."

அதற்குப் பிறகு அவள் வாக்கு தவறவில்லை. நாற்றுப் பாவியதிலிருந்து களை எடுத்தது வரை எல்லாவற்றுக்கும் தானே போய் நின்றாள். சைவப் பிள்ளைமார் வீட்டுப் பெண் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வரப்பில் நிற்பதா என்று தெருவே முணுமுணுத்தது. முணுமுணுத்தவர்கள் வீட்டில் சோறு எங்கிருந்து வருகிறது என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. நான் சித்ரலேகா, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேன். எனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று விசாரிக்கிறவர்கள் ஊரில் நிறைய. அது இந்தக் கதையில் இல்லை.

பலகைச் சண்டை முற்றியதும் பிள்ளையார் கோயில் முன்னால் கூடிப் பேசினார்கள். பள்ளிக்கூடத்தில் கடைசிப் பாடவேளைக்கு மூன்று மணிக்கு அடிக்கிற மணியையே கணக்காக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. எங்கள் தலைமையாசிரியர் பாபநாசம் பிள்ளைக்கு மாப்பிள்ளை என்பதை அந்தக் கூட்டத்தில் ஒருவரும் யோசிக்கவில்லை. மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய பாடவேளை நீளத் தொடங்கியது. பிள்ளைகள் வாய்ப்பாட்டை முன்னும் பின்னுமாக ஒப்பித்து முடித்துக் கொட்டாவி விடுவார்கள், மணி அடிக்காது. நான் போய்க் கேட்டால் சார் சாக்பீஸ் டப்பாவைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். மூன்று மணி தள்ளிப்போனதில் பள்ளிக்கூடம் விடுகிற நேரமும் தள்ளிப்போனது. பிள்ளைகளைக் காணோமே என்று தாய்மார்கள் வாசலுக்கு வந்து சத்தம் போட்ட பிறகுதான் அந்த ஏற்பாடு ஒழிந்தது.

வயல் அதற்குள் வெடிக்க ஆரம்பித்திருந்தது. பயிர் கதிர் விடுவதற்காகப் பொதி தள்ளுகிற பருவம். மதினி ஒரு சனிக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு மில்லுக்கே கிளம்பிவிட்டாள். மானேஜர் மரியாதையாக நாற்காலி போடச் சொன்னார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டார். இத்தனை வருஷமாக எங்கள் சங்குக்கு நீங்கள் தண்ணீர் பாய்ச்சினீர்களா என்று இரண்டு முறை கேட்டார். ஒரு வேளை மட்டும், பிற்பகலில் மட்டும் ஊதினால் போதும் என்று மதினி மன்றாடினாள். சங்கைக் கழற்றிக் கொடுத்தாகிவிட்டது, தன் கையில் ஒன்றும் இல்லை என்று அவர் கையை விரித்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கொடுத்த காபியைத் தொடவில்லை. மதினி குடித்தாள். குடித்துவிட்டு நன்றியும் சொன்னாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அழுகிறாளோ என்று பயந்து ஓரக்கண்ணால் பார்த்தேன். யோசித்துக்கொண்டிருந்தாள். கீழத்தெரு முக்கில் இறங்கியதும் நின்றுவிட்டாள்.

"சங்குல என்ன இருக்கு சித்ரா? ஊதுதவனுக்கு நம்ம குளத்துல வயல் இல்ல. அதனாலதான் அத்தனை பேரும் வாயை மூடிக்கிட்டுக் கேட்டாங்க."

அப்போதுதான் கீழத்தெருப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பிற்பகலில் சொல்கிற அசர் பாங்கு. பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற சத்தம்தான், ஆனால் மதினி அன்றைக்குத்தான் கேட்பதுபோல முடியும் வரை நின்று கேட்டாள். பிறகு, கீழத்தெருவில் யாருக்காவது குளத்துக்குக் கீழே வயல் உண்டா என்று என்னிடம் விசாரித்தாள். ஒருவருக்கும் இல்லை. ஆண்கள் வெளியூர்களில் வியாபாரம், பெண்கள் பீடி சுற்றுவார்கள். வீட்டுக்குப் போகாமல் நேரே பள்ளிவாசல் பக்கம் நடந்தாள்.

பாங்கு சொல்கிற மோதினார் ஷேக் மைதீன் சாதுவான மனிதர். பள்ளிவாசலை ஒட்டி ஒரு சைக்கிள் கடை வைத்திருந்தார். மதினி சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. பிள்ளைமார் தண்ணீர்ச் சண்டையில் தன்னை இழுத்துவிட வேண்டாம், நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் பழி பள்ளிவாசல் மேல் விழும் என்று கும்பிடாத குறையாகச் சொன்னார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது.

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம் அண்ணாச்சி," என்றாள் மதினி. "என்னைக்கும் போலச் சொல்லுங்க. கேக்கது எங்க வேலை."

அவர் பாதியில் விட்ட சைக்கிளை மறுபடி எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மறுபடியும் கூட்டம். பெண்கள் ஓரமாக நிற்பதுதான் வழக்கம். மதினி நடுவில் வந்து நின்று, அசர் பாங்கு கேட்டால் பலகையை மாற்றட்டும் என்றாள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சிவன் கோயில் குளத்துத் தண்ணீரைப் பாங்கு கேட்டா திறப்பது என்று பாபநாசம் பிள்ளை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அப்படியே போய்விடுவார் போலிருந்தது.

"மூணு மணிக்கு எங்களுக்கு வர வேண்டிய தண்ணி மாமா," என்றாள் மதினி. "பாங்கு சொல்லும்போது நாலு மணியை ஒட்டி ஆயிரும். அவ்வளவு நேரமும் உங்க வயலுக்குத்தான் பாயும். எனக்குச் சம்மதம். உங்களுக்கு வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க."

பிள்ளை உட்கார்ந்துவிட்டார். மேல்வயல்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தினமும் கூடுதலாகக் கிடைக்கிற தண்ணீரை மனசுக்குள் அளந்து முடித்ததும், எந்தச் சத்தமானால் என்ன, ஊர் ஒற்றுமைதான் முக்கியம் என்று அவர்களில் ஒருவரே எழுந்து பேசினார். பக்தி அவ்வளவு சீக்கிரம் இறங்கி நான் பார்த்ததில்லை. எங்கள் கடைமடைக்காரர்கள்தான் கொதித்தார்கள். உரிமையான நேரத்தை விட்டுக்கொடுத்துவிட்டு வந்தாயே என்று வீடு வரை கூடவே வந்து ஏசினார்கள். நேற்று எவ்வளவு நேரம் தண்ணீர் வந்தது என்று மதினி கேட்டாள். குறைவாக இருந்தாலும் நிச்சயமாக வருகிறது வேண்டுமா, நிறையச் சொல்லிக்கொண்டு வராமல் இருப்பது வேண்டுமா என்று கேட்டாள். ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள்.

ஏற்பாடு பிசகில்லாமல் நடந்தது. ஒலிபெருக்கியில் பாங்கு கேட்கும், மாடக்கண்ணு பலகையைத் தூக்குவார், கரையில் ஒரு சத்தமும் இருக்காது. வெடித்த வயல் மூடிக்கொண்டது. கதிர் வெளியே வந்தது. மதினி வரப்பில் நின்று கதிரைத் தடவிப் பார்ப்பதைப் பார்த்து எனக்குக் கண் நிறைந்தது. அண்ணன்கூட ஒரு ஞாயிற்றுக்கிழமை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்.

பாபநாசம் பிள்ளைக்குத்தான் பொறுக்கவில்லை. கூடுதல் தண்ணீர் கிடைத்தது சரி, ஆனால் கடைமடை சாவியாகாவிட்டால் வயல் கைக்கு வராதே. ஒருநாள் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்கே போய்விட்டார். உள்ளே மாட்டியிருக்கிற சுவர்க்கடிகாரம் முந்துகிறது என்று தன் மஸ்கட் கடிகாரத்தைக் கழற்றி ஷேக் மைதீனிடம் நீட்டினாராம். இதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளச் சொன்னாராம். மோதினார் சாது என்று சொன்னேன் அல்லவா, அந்த மனிதர் குரலை உயர்த்தாமலே பதில் சொல்லியிருக்கிறார்.

"உங்க வாட்ச்சுக்கு நான் பாங்கு சொன்னா, தொழ வாறவங்களுக்கு யாரு பதில் சொல்லுதது பிள்ளைவாள்?"

பீடி சுற்றுகிற பெண்கள் வழியாக இது பொழுது சாய்வதற்குள் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. பிள்ளை தொழுகைக்கு நேரம் குறித்துக் கொடுக்கப் போனார் என்று டீக்கடையில் சிரித்தார்கள். அவர் நான்கைந்து நாள் வெளியே தலைகாட்டவில்லை. நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து நினைத்துப் பார்த்தபோது, அவமானப்பட்ட மனிதர் சும்மா இருப்பாரா என்று ஒரு பயம் வந்தது.

மாசியில் கதிர் பால் பிடித்து முற்றத் தொடங்கியது. அந்த நேரத்தில் ஒரு பாய்ச்சல் தப்பினால் நெல்மணி திரளாது. அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். ஒரு சனிக்கிழமை காலையில் மாடக்கண்ணு வீட்டுக்கு வந்து, குளத்தில் இன்றைக்குப் பாய்கிற தண்ணீர்தான் கடைசி, நாளைக்குச் சகதிதான் மிஞ்சும் என்று சொல்லிவிட்டுப் போனார். மதினி சாமிக்கு விளக்கேற்றினாள். சற்று நேரத்தில் கீழத்தெருப் பக்கம் ஏதோ வெடித்த சத்தம் கேட்டது. மின்மாற்றி. ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது.

மின்விசிறி நின்றதுதான் முதலில் எனக்குத் தெரிந்தது. மதினிக்கு ஒலிபெருக்கி ஞாபகம் வந்துவிட்டது. கரண்ட் இல்லை என்றால் ஷேக் மைதீன் வாயால்தான் பாங்கு சொல்ல வேண்டும், அது கீழத்தெருவைத் தாண்டாது. சாயங்காலத்துக்குள் சரி செய்வதாக மின்சார ஆள் சொன்னார். அவர் சொன்ன விதத்திலேயே ஆகாது என்று தெரிந்துவிட்டது.

உச்சிக்குப் பிறகு குளத்துக் கரைக்குப் போனோம். பாபநாசம் பிள்ளையும் மேல்வயல்காரர்களும் எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"பேச்சு என்ன?" என்றார் பிள்ளை. "பாங்கு மாடக்கண்ணு காதுக்குக் கேட்டா பலகை மாறும். கேக்கலைன்னா இல்ல. நீ சொன்ன பேச்சுதானே உலகம்மா."

கடைமடைக்காரர்கள் கத்தினார்கள். ஒருவர் அடிக்கவே பாய்ந்தார். நானும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மதினி மட்டும் கோபப்படவில்லை. பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் அதைக் கேட்டவர்கள் வாய்வழியாகக் கரை வரை சொல்லி அனுப்பினால் ஒப்புக்கொள்வீர்களா என்று கேட்டாள். யார் சொல்லி, உன் நாத்தனார் சொல்லியா என்று பிள்ளை என்னைக் காட்டிச் சிரித்தார். கடைமடையில் வயல் உள்ளவர்களும் அவர்கள் வீட்டு ஆட்களும் சொன்னால் செல்லாது, சொல்கிறவர்களும் அவரவர் வீட்டில் நின்றே குரல் கொடுக்க வேண்டும், கரைக்கு நடந்து வரக் கூடாது என்றார். சரி, கடைமடையில் ஒரு சாண் நிலம்கூட இல்லாதவர்கள் சொன்னால் செல்லுமா என்றாள் மதினி. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். செல்லும் என்று அவர் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். அந்த நிம்மதிக்குக் காரணம் எங்களுக்குத் தெரியாமல் இல்லை.

கீழத்தெருவில் சிக்கல் இல்லை. மதினி போய்ச் சொன்னதும் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டே பெண்கள் தலையசைத்தார்கள். இதில் எங்களுக்கு என்ன வரும் என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. பள்ளிவாசலிலிருந்து வீட்டுக்கு வீடு வந்து தெரு முக்கில் சாலோமி வரை செய்தி வந்துவிடும். சாலோமி என்னோடு படித்தவள், மாதா கோயிலில் பாட்டுக்கு முதல் குரல் அவள்தான். ஆனால் முக்கிலிருந்து குளத்துக் கரை வரை மேலத்தெரு நீண்டு கிடக்கிறது. பாதி வீடுகள் கடைமடைக்காரர்களுடையவை, அவர்கள் வாய் செல்லாது. மீதி, பிழைக்க வெளியூர் போனவர்களுடையவை, பூட்டிக் கிடந்தன. கரையை ஒட்டிக் கடைசியில் இருக்கிற ஒரே வீடு பாபநாசம் பிள்ளை வீடு. சாலோமி எவ்வளவு கத்தினாலும் அந்த வீட்டு மச்சு வரைதான் கேட்கும். மாடியை எங்கள் ஊரில் மச்சு என்போம்.

மதினி அந்த வீட்டு வாசலுக்கும் போனாள். எனக்குக் கால் கூசியது. பிள்ளையின் மனைவி ராஜராஜேஸ்வரி அத்தை வெளியே வந்தார். அவரிடம் மதினி நடந்ததை முழுக்கச் சொன்னாள். தன் கையெழுத்து, கடைசிப் பாய்ச்சல், சாலோமியின் குரல் எதையும் விடவில்லை. அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார். உள்ளே திரும்பிப் போய்விட்டார்.

"ஏன் மதினி போய்க் கேட்டிய? அவங்க புருஷனை விட்டுட்டு நமக்குச் சொல்லுவாங்களா?" என்றேன்.

"கேக்காம இருந்தா எனக்கு மனசு ஆறாது. கேட்டாச்சு. வா," என்றாள்.

மறுபடியும் கரைக்கு வந்து நின்றோம். பிள்ளை கடிகாரத்தைப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். வெயில் மெல்ல இறங்கியது. மேல்வயல் வாய்க்காலில் தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தம் எனக்கு நாராசமாக இருந்தது. கடைமடை வாய்க்காலில் ஒரு கொக்கு காய்ந்த மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. வழக்கமாகப் பாங்கு சொல்கிற நேரம் வந்தது, தாண்டியும் போனது. மாடக்கண்ணு பலகையில் கையை வைத்தபடியே குந்தியிருந்தார். பாங்கு சொல்லியிருப்பார்கள் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். சொல்ல ஆள் இல்லை. மதினி வயல் இருந்த திசையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள். எனக்கு அந்தக் கடிகாரத்தைப் பிடுங்கிக் குளத்தில் எறிய வேண்டும் என்று இருந்தது.

"பாங்கு சொல்லியாச்சு."

எல்லோரும் திரும்பினோம். மச்சில், காயப்போட்ட சேலைகளுக்கு நடுவே, ராஜராஜேஸ்வரி அத்தை நின்றிருந்தார். அவர் குரலைத் தெருவில் யாரும் கேட்டதே இல்லை. அது இவ்வளவு கனமான குரல் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிள்ளை எழுந்துவிட்டார். உள்ளே போகச் சொல்லிக் கையை ஆட்டினார். அத்தை போகவில்லை. மச்சுக் கைப்பிடிச் சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சாலோமி சொன்னா, நான் கேட்டேன். கடைமடையில எனக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. நான் சொன்னா செல்லும்லா? மாடக்கண்ணு, பலகையை மாத்து."

மாடக்கண்ணு பிள்ளையைப் பார்க்கவில்லை. பலகையைத் தூக்கி மறுபக்கம் இறக்கினார். மேல்வயல் வாய்க்காலில் சத்தம் அடங்கியது. தண்ணீர் கடைமடைப் பக்கம் திரும்பி, காய்ந்த மண்ணில் நுரைத்துக்கொண்டு போனது. மதினி அதோடு கூடவே நடந்தாள், பிறகு ஓடினாள். சேலை நனைவதைப் பற்றிக் கவலைப்படாமல், வழியில் அடைத்த சருகைக் கையால் அள்ளி வெளியே போட்டுக்கொண்டு ஓடினாள். நான் மச்சைத் திரும்பிப் பார்த்தேன். இருட்டி மடையை அடைக்கும் வரை அத்தை கீழே இறங்கவில்லை.

அறுவடை பங்குனியில் நடந்தது. பிரமாதமான விளைச்சல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாவி இல்லை, நெல். மூட்டைகள் வீட்டுக்குள் வந்து அடுக்கிய அன்றைக்கு அண்ணன் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து அதைப் பார்த்தார், மனையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. மதினி அன்று வயிறு நிறையச் சாப்பிட்டாள். கையெழுத்துப் போட வேண்டிய தாள் எதையும் அதற்குப் பிறகு யாரும் அவள் முன்னால் நீட்டவில்லை.

புது நெல்லைக் குத்தி ஒரு பாத்திரம் அரிசி எடுத்து, ராஜராஜேஸ்வரி அத்தையிடம் கொடுத்துவிட்டு வரச் சொல்லி மதினி என்னை அனுப்பினாள். தானே போனால் அழுதுவிடுவேன் என்றாள். நான் போனபோது பிள்ளை உள்ளறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். கரையில் அந்தச் சாயங்காலம் நடந்ததிலிருந்து அவர் மனைவியோடு பேசுவதில்லை என்று தெருவில் சொல்லிக்கொண்டார்கள். அத்தை பாத்திரத்தை வாங்கி, கொஞ்சம் அரிசியைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தார். நான் மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். ஏன் அத்தை அன்றைக்குச் சொன்னீர்கள் என்றேன்.

அவர் உள்ளறைப் பக்கம் பார்த்தார். பிறகு தலைக்கு மேலே, மச்சைத் தாங்குகிற கட்டைகளைப் பார்த்தார்.

"எனக்கும் ஒரு மஞ்சக்காணி இருந்துச்சு சித்ரா. உன் மதினி வயலுக்கு அடுத்த வயல். அதை வித்த பணம்தான் இந்த மச்சு."

அவர் அதைக் குரலைத் தாழ்த்திச் சொல்லவில்லை. உள்ளறையில் செய்தித்தாள் புரள்கிற சத்தம் நின்றது.